நடுச்சுவர் வீட்டில் நிலவறை எடுக்கலாமா?

டீ ஆறுவதற்குள் பேசிவிடலாம். அண்ணன் தம்பி பாகம் பிரித்து, நடுவில் ஒரே சுவரை வைத்துக்கொண்ட வீடு. பக்கவாட்டில் இடமில்லை. கீழே ஓர் அறை எடுத்தால் என்ன? லண்டனில் அப்படி எடுக்கிறார்கள்தான். அங்கே அடியில் பெரும்பாலும் இறுகிய களிமண். காரைக்காலில் நம் காலடியில் கிடப்பதோ காவிரி கொண்டுவந்த வண்டலும் மணலும். அரசலாறு ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம்.

பொறியாளரைக் கூப்பிடுமுன் கார்த்திகை மாதத்தில் கொல்லைக் கிணற்றை எட்டிப் பாருங்கள். தரையிலிருந்து அரை மீட்டரில் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். இரண்டரை மீட்டர் ஆழத்தில் அறை எடுத்தால், அறையின் தரைமட்டத்துக்கு மேல் இரண்டு மீட்டர் நீரழுத்தம். அதாவது சதுர மீட்டருக்கு 2 டன். மூன்றுக்கு நான்கு மீட்டர் அறை என்றால் கீழிருந்து முட்டுவது 24 டன். அரையடி கனத்தில் போட்ட கான்கிரீட் தரையின் எடை நாலு டன் சொச்சம்தான். மேலே வீடு அமுக்குவதால் அறை மிதக்காமல் இருக்கலாம். ஆனால் தரை நடுவில் பிளந்துகொள்ளலாம். காலியான தண்ணீர்த் தொட்டி மழைக்காலத்தில் மண்ணைப் பிளந்து மேலே எழும்புவதும் இதே கணக்கில்தான்.

இதைக்கூடக் காசு செலவழித்துச் சமாளிக்கலாம். நடுச்சுவர் விஷயம் அப்படியல்ல. பள்ளம் தோண்ட வேண்டுமானால் மோட்டார் போட்டு ஊற்றை இறைக்க வேண்டும். தண்ணீரோடு நுண்மணலும் வரும். அந்த மணல் உங்கள் மனையிலிருந்து மட்டும் வராது, தம்பி வீட்டுக் கடைக்காலுக்கு அடியிலிருந்தும் வரும். பழைய வீடுகளின் கடைக்கால் சில அடி ஆழம்தான். அதற்குக் கீழே தோண்டினால் சுவர் அந்தரத்தில் நிற்கும். ஒரு மீட்டர், ஒரு மீட்டராக விட்டுவிட்டுத் தோண்டிக் கான்கிரீட்டால் தாங்குகிற முறை உண்டு. தேர்ந்த ஆள் வேண்டும், காய்ந்த மண்ணும் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை வேளச்சேரியில் கட்டுமானப் பள்ளம் சரிந்து உயிர்கள் போயின.

கட்டி முடித்த பிறகும் நிம்மதி இல்லை. 2024 ஜூலையில் டெல்லி ராஜிந்தர் நகரில் நிலவறை நூலகத்துக்குள் மழைவெள்ளம் பாய்ந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். நம் பக்கம் புயலடித்தால் முதலில் போவது மின்சாரம். 2018 கஜா புயலுக்குப் பின் டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கசியும் நீரை இறைக்க மோட்டாரை நம்பி இருக்கும் அறை அப்போது குளமாகும். உப்புக்காற்றும் உப்புநீரும் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பது தனிக் கதை.

ஆகவே கீழே போக வேண்டாம். மாடியில் ஓர் அறை போடுங்கள். அதற்கும் முன், நடுச்சுவர் மேல்பாரம் தாங்குமா என்று பொறியாளரை வைத்துப் பார்த்து, பக்கத்து வீட்டாரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.