சிவப்பி ஏன் தண்ணீர் குடிக்கவில்லை?

ஏம்பலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இரும்புக் குழாய் நட்டுத் தகரம் போட்ட மாட்டுக் கொட்டகை. விடியற்காலை பால் கறக்க வெளிச்சம் வேண்டுமே! சமையலறை பிளக்கிலிருந்து ஜன்னல் வழியாக இரட்டை வயர் இழுத்து, துணி காயப்போடும் கொடிக் கம்பியிலேயே சுற்றிக் கொண்டுபோய் பல்பு தொங்கவிட்டிருந்தோம். போன ஐப்பசி வரை எரிந்துகொண்டுதான் இருந்தது.

மழை பிடித்த மூன்றாம் நாள், சிவப்பி தண்ணீர் குடிக்க மறுத்தது. இரும்புத் தொட்டியில் மூக்கை வைக்கும், வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். "யாரோ கண்ணு வெச்சிட்டாங்க. மொளகா சுத்திப் போடும்மா" என்றார் மாமியார். சுற்றியும் போட்டேன். சாயங்காலம் ஈரக் காலோடு தொட்டியை நகர்த்தப் போனேன். விரலில் சுரீர் என்றது. கண்ணேறு இல்லை, கரண்ட்!

எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்தார். காற்றில் உரசி உரசி வயரின் மேலுறை தேய்ந்து, கம்பியில் மின்சாரம் ஏறியிருக்கிறது. கம்பி கட்டியிருந்தது கொட்டகைத் தூணில். தொட்டி சாய்ந்திருந்தது அதே தூணில். "நல்லவேளை அக்கா, மழைன்னு நீங்க துணி காயப்போடல" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"அப்போ பியூஸ் ஏன் போகல தம்பி?"

"பியூஸ் வயரைக் காப்பாத்தத்தான் அக்கா, மனுஷங்களை இல்ல."

விளக்கியபோதுதான் புரிந்தது. 5 ஆம்பியர் பியூஸ் என்றால் 5,000 மில்லி ஆம்பியர் வரை சும்மா இருக்கும். மனித இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோக 100 மில்லி ஆம்பியர்கூட வேண்டாம். மாட்டுக்கு ஈர மூக்கு, செருப்பில்லாத நாலு கால். நமக்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடுகிறது.

எனவே மெயின் போர்டில் கொட்டகைக்கென்று தனி ஸ்விட்சும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை நிறுத்திவிடும் இ.எல்.சி.பி.யும் வைத்தோம். (ஒரே சமயத்தில் இரண்டு வயரையும் தொட்டால் அதுவும் காப்பாற்றாது. அது இருக்கிறதே என்று அசட்டை கூடாது, சகோதரிகளே!) எர்த்தோடு சேர்த்து மூன்று கம்பி உள்ள, இரும்புக் கவசம் போட்ட கேபிளை இரண்டரை அடி ஆழத்தில் மணல் பரப்பிப் புதைத்து, மேலே செங்கல் அடுக்கினோம். நாளைக்கு யாராவது கடப்பாரை போட்டால் முதலில் செங்கல் தட்டுப்படும். கொட்டகை ஓரம் உப்பும் கரியும் போட்டு எர்த் குழி. இரும்புத் தூண்களையும் அதோடு இணைத்தாயிற்று. கோடையில் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றவேண்டும். விளக்கு, ஈரம் புகாத மூடிக்குள், கொம்பு எட்டாத உயரத்தில்.

கொடிக் கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு நைலான் கயிறு கட்டினேன். கொட்டகைத் தூணிலோ, மின்கம்பத்திலோ, சர்வீஸ் வயர் வரும் குழாயிலோ கட்டவில்லை.

இன்னொன்று. யாருக்காவது ஷாக் அடித்தால், பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால் உலர்ந்த பலகை மேல் நின்று, உலர்ந்த மரக்கழியால் வயரைத் தள்ளுங்கள். பிறகு, ஆள் எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிதான்.

இ.எல்.சி.பி.யில் ஒரு சின்ன டெஸ்ட் பட்டன் உண்டு. மாதம் பிறந்தால் அதை அமுக்கிப் பார்ப்பது இப்போது மாமியார் வேலை. 'டக்' கென்று விழுந்தால்தான் அவருக்குத் திருப்தி.