ஊதா நிற அன்னாசி

சிம்பாங் ரெங்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அன்னாசியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். தானா காம்புட் என்று மலாயில் சொல்லப்படும் கறுத்த சதுப்பு மண்ணில் வரிசை வரிசையாக நிற்கும் செடிகளைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்குப் போய் வந்தேன். அதனால், இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு பேரங்காடியில் நடந்த வர்ணம் தீட்டும் போட்டியில் என் ஐந்து வயது மகள் அன்னாசிக்கு ஊதா நிறம் அடித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“அன்னாசி எங்கேயாவது ஊதாவா இருக்குமா?” என்று கேட்டுக்கொண்டே அவள் கையிலிருந்த கிரேயானை வாங்கி, அதன்மேல் பச்சையும் மஞ்சளும் அழுத்தித் தேய்த்தேன். என்னைப் போல இன்னும் ஐந்தாறு அம்மாக்கள் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் பரிசு கிடைத்தது. ஒரு புத்தகப்பை, ஒரு சான்றிதழ். சான்றிதழில் அவள் பெயர் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் படம் வரைவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்கு உடனே உறைத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் கேட்க ஆரம்பித்தாள். “அம்மா, இந்த வீட்டுக்கு என்னா கலர்? நாய்க்கு என்னா கலர் அடிக்கணும்?” நான் சமையலறையிலிருந்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒழுங்கான பிள்ளை என்று பெருமை வேறு.

போன வருடம் ஒருநாள், சாலையோரக் கடை ஒன்றில் பழம் வாங்க மகிழுந்தை நிறுத்தினோம். ஓரமாகச் சில காய்கள் குவிந்து கிடந்தன. மார்டி எனப்படும் நம் நாட்டு வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1996இல் வெளியிட்ட ஜொசபின் ரகம் அது. ஜொகூர், சரவாக் ரகங்களை ஒட்டுச் சேர்த்து உருவாக்கியது. பழுத்தால் ஆரஞ்சுச் சிவப்பாக மாறும். பழுக்கும் முன் அதன் தோல் நல்ல கருஊதா.

மகள் என்னைப் பார்க்கவில்லை. காயைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: “அம்மா, ஊதா.”

நாற்பது வயதுவரை அந்தச் செடிகளுக்கு நடுவே வாழ்ந்த நான் பார்க்காததை, ஐந்து வயதில் அவள் பார்த்திருக்கிறாள். பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறாள். அதை நான் தேய்த்து அழித்துவிட்டுப் பரிசும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இவ்வளவு பெரிய முன்கதை எதற்கு என்றால், ஏழாவது பிறந்தநாளுக்கு வீட்டில் ஓவிய விருந்து வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதன் காரணம் இதுதான். “எவ்வளவு அழகான யோசனை” என்று பெற்றோர் புலனக் குழுவில் இதயங்கள் பறந்தன. நான் யாருக்கும் காரணத்தைச் சொல்லவில்லை.

நாள் குறிப்பது எளிதாக இருந்தது. 2014 முதல் ஜொகூரில் வெள்ளி, சனிதான் வார விடுமுறை. கோலாலம்பூர் உறவுகளுக்கும் நமக்கும் சனிக்கிழமை மட்டுமே பொதுவாக இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு என்று மாறிவிட்டதால், ஞாயிறு காலை பத்து மணி என்று வைத்தேன். மாலை வேண்டாம். நம் ஊரில் நான்கு மணி மழையை நம்பி ஈர ஓவியத்தை வெளியே காயப்போட முடியாது.

முதலில் சாயம். போஸ்டர் கலர் போதும், அக்ரிலிக் வேண்டாம். அக்ரிலிக் காய்ந்துவிட்டால் நெகிழி போல ஒட்டிக்கொள்ளும், சட்டையை விட்டுப் போகாது. மீதமிருக்கும் சுவர்ப் பெயின்டைத் தண்ணீர் கலந்து கொடுக்கலாமே என்று என் தம்பி சொன்னான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது பிள்ளைகள் கையால் தொடவும் வாயில் வைக்கவும் செய்யப்பட்டதல்ல. புட்டியில் ‘ஏபி’ முத்திரையோ ‘இஎன் 71’ என்ற ஐரோப்பிய விளையாட்டுப் பொருள் தரக் குறியீடோ இருக்கிறதா என்று பாருங்கள். ஈயம் போன்ற உலோகங்கள் எந்த அளவுக்கு மேல் வெளியேறக் கூடாது என்று அந்தத் தரம் வரம்பு வைத்திருக்கிறது.

பன்னிரண்டு நிறப் பெட்டி வாங்காமல் மஞ்சள், நீலம், சிவப்பு, வெள்ளை என நான்கே நிறங்களைப் பெரிய புட்டிகளில் வாங்கினேன். மற்றதெல்லாம் பிள்ளைகளே கலந்துகொள்ளட்டும் என்று திட்டம். முதல்நாள் இரவு ஒத்திகை பார்த்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா வரும் என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? எனக்கு வந்தது பழைய மிலோ நிறம். அது ஏன் என்று தேடிப் பார்த்தேன். கடையில் கிடைக்கும் பல சிவப்புச் சாயங்கள் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தவை. அவற்றுக்குள் மஞ்சளும் ஒளிந்திருக்கிறது. மஞ்சள், நீலம், சிவப்பு மூன்றும் சேர்ந்தால் ஒன்று மற்றதன் ஒளியை விழுங்கிவிடும், மிஞ்சுவது பழுப்பு. தெளிந்த ஊதா வேண்டுமென்றால் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட மஜெந்தா வேண்டும். மற்ற நிறம் எது வராமல் போனாலும் எனக்குக் கவலையில்லை. ஆனால் அந்த வீட்டில் அன்று ஊதா வராமல் போகக்கூடாது. கடை மூடுவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன் ஓடிப்போய் ஒரு புட்டி மஜெந்தா வாங்கி வந்தேன்.

தாளுக்குப் பள்ளிகளில் பயன்படுத்தும் மாஜோங் தாள் மலிவுதான், ஆனால் ஈரத்தில் கிழிந்துவிடும். சிறு பிள்ளைகள் கைச்சுவடு பதிக்க அதைத் தரையில் விரித்தேன். பெரியவர்களுக்கு மணிலா அட்டையைப் பாதியாக வெட்டினேன். தரைக்கு ஒரு பழைய விளம்பரப் பதாகையைத் திருப்பிப் போட்டேன். அதைவிடச் சிறந்த விரிப்பு விலைக்குக் கிடைக்காது. பதினொரு பிள்ளைகளுக்குச் சாயம், தாள், தூரிகை எல்லாம் சேர்த்து எழுபது ரிங்கிட் சொச்சம். அணிச்சல் விலை அதைவிட அதிகம்.

தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2019இல் குப்பைமேட்டிலிருந்து கசிந்த கழிவுநீரால் ஆற்றில் அம்மோனியா கூடி, நீர் சுத்திகரிப்பு பலமுறை நிறுத்தப்பட்டது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. தண்ணீர் லாரிக்கு வாளியோடு நின்ற வீடுகளில் தூரிகையைத் திறந்த குழாயில் கழுவ யாருக்கும் மனம் வராது. தோம்பில் பிடித்த மழைநீரை மூன்று வாளிகளில் வைத்தேன். முதல் வாளியில் அழுக்கைக் கழுவ வேண்டும், இரண்டாவதில் அலச வேண்டும், மூன்றாவது சுத்தமாகவே இருக்கும். முதல் வாளி சேறானதும் இரண்டாவது அந்த இடத்துக்கு வரும். பதினொரு பிள்ளைகளுக்கு ஆறு வாளிகூடச் செலவாகவில்லை. கடைசியில் அழுக்கு நீரை ஓரிரவு தெளியவிட்டு, அடியில் தங்கிய சாயத்தைப் பழைய நாளிதழில் துடைத்துக் குப்பையில் போட்டேன்.

வந்தவர்களில் இரண்டு குட்டிகளுக்கு நான்கு வயது. எதையும் வாயில் வைக்கும் ரகம். அவர்களுக்குச் சமையலறைச் சாயம்தான். சங்குப்பூவைச் சுடுநீரில் ஊறவைத்தால், நாசி கெராபுவுக்கு வருமே, அந்த நீலம் வரும். அதில் எலுமிச்சை பிழிந்தால் கண்முன்னே ஊதாவாகி இளஞ்சிவப்பாகும். மஞ்சள் தூள் கரைசலில் சமையல் சோடாவைத் தூவினால் சிவப்பாகும். பக்கத்து வீட்டுப் பாட்டி, “ஆலாத்தி தண்ணிதானே இது, சுண்ணாம்புக்குப் பதிலா சோடா” என்று ஒரே வார்த்தையில் என் விஞ்ஞானத்தை முடித்துவிட்டார். வெயிலில் இந்த நிறங்கள் வெளுத்துவிடும். ஆனால் மாறும்போது பிள்ளைகள் போட்ட கூச்சல் வெளுக்கவில்லை. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி அச்சுப் பதிக்கவும் கொடுத்தோம்.

பத்தரைக்குச் சிக்கல் ஆரம்பித்தது. “ஆன்டி, என்னா வரையணும்?” என்று ஒருவன். “பிடிச்சதை வரை” என்றேன். “எதுக்கு ஆன்டி பரிசு?” என்று இன்னொருத்தி. பரிசு இல்லை என்றதும் இரண்டு பேர் முகம் தொங்கிவிட்டது. பத்து நிமிடத்தில் ஐந்து தாள்களில் ஒரே படம்: இரண்டு மலை, நடுவில் பாதி சூரியன், கீழே ஒரு வீடு, வளைந்த பாதை. சிம்பாங் ரெங்கத்தில் அப்படி ஒரு மலையை நான் பார்த்ததில்லை. நீங்களும் சிறுவயதில் இதைத்தான் வரைந்திருப்பீர்கள், நானும்தான்.

பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றியதை வரையட்டும் என்று விட்டவர்கள் உலகில் இருந்திருக்கிறார்கள். 1897இல் வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் சிறுவர்களுக்காக ஓவிய வகுப்பு தொடங்கி அதைத்தான் செய்தார். 1947இல் வெளிவந்த தம் நூலில் விக்டர் லோவன்ஃபெல்ட், அச்சிட்ட படத்துக்குள் வர்ணம் தீட்டவைப்பது பிள்ளையின் சொந்தப் பார்வையைக் கெடுக்கும் என்று வாதிட்டார். இதையெல்லாம் நான் படித்தது போட்டிக்குப் பிறகு, குற்றவுணர்ச்சியில். முழுவதும் ஒத்துக்கொள்ளவில்லை. கோட்டுக்குள் நிறம் அடிப்பதில் கைக்கு ஒரு பயிற்சி உண்டு, பிள்ளைகளுக்கு அது பிடிக்கவும் செய்கிறது. கோட்டைவிட எங்கள் கைகள்தான் அதிகக் கெடுதல் செய்தன என்று நினைக்கிறேன்.

அன்றும் கைகள் வந்தன. மகனை விட்டுவிட்டுப் போக வந்த ஒரு தோழி, போகாமல் அவன் பின்னால் நின்றாள். அவன் மரத்தை நீலமாக அடித்ததும், “அய்யோ, இங்கே கொடு” என்று தூரிகையைப் பிடித்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய என்னையே எதிரில் பார்ப்பது போலிருந்தது. அவளுக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? “அக்கா, அன்னாசி வெட்ட ஆளில்லை, கொஞ்சம் வர்றீங்களா?” என்று சமையலறைக்கு அழைத்துப்போனேன். அடுத்தடுத்து வந்த மூன்று அம்மாக்களுக்கும் அதே வேலை. அன்று நாங்கள் வெட்டிய பழத்தைத் தின்றுதீர்க்க இரண்டு நாளாயிற்று.

பாட்டியை மட்டும் வெளியே விட்டிருந்தேன். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாகத் தூரிகை பிடிக்கிறார். கோலம்தான் வரையத் தெரியும் என்று சொல்லி ஒரு கோலத்தை ஆரம்பித்தார். பாதியில் புள்ளி பிசகியது. “போச்சு” என்று சிரித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கோழியை வரைந்து தொடர்ந்தார். மலை வரைந்த பிள்ளைகள் ஐந்து பேரும் கோழியைப் பார்க்க எழுந்து வந்தார்கள். திரும்பிப் போனவர்களில் ஒருவன் தன் மலையின் உச்சியில் ஒரு லாரியை ஏற்றினான். அதற்குப் பிறகு “என்னா வரையணும்” என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் எத்தனை சொல்லியும் நடக்காதது அந்தக் கோழியால் நடந்தது.

என் மகள் மூலையில் உட்கார்ந்து மஜெந்தாவும் நீலமும் கலந்துகொண்டிருந்தாள். தாள் முழுக்க அன்னாசிச் செடிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஊதாக் காய். சிலவற்றில் வெள்ளை கொஞ்சம் கூடுதல், சிலவற்றில் நீலம் கூடுதல். நிஜமாகவே அழகாக இருந்தது. சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவது என்று மனதுக்குள் இடம்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டேன். என் பாவத்துக்கு அது பரிகாரமாக இருக்கும் என்று நினைத்தேன் போல.

அப்போது அவள் பெரிய தூரிகையை எடுத்து, எல்லா நிறத்தையும் ஒன்றாகக் குழைத்து, மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகளை இழுக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, பத்து.

“ஐயோ!” என்று கத்திவிட்டேன்.

தூரிகை அந்தரத்தில் நின்றது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக “என்னா கலர்” என்று கேட்கும்போது வரும் அதே பார்வை. என் கை அவள் தாளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

“தண்ணி மாத்தணுமா?” என்று கேட்டேன்.

“ம்.”

வாளியை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது ஊதாக் காய் ஒன்றுகூட முழுதாகத் தெரியவில்லை. அவள் பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டரைக்கு அணிச்சல் வெட்டினோம். மீ கோரேங்கும் கறிபாப்பும் சாப்பிட்டுப் பிள்ளைகள் கிளம்பினார்கள். ஈரம் காயாத படங்களைச் சுருட்டிக் கொடுக்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும். பெயரெழுதித் துணிக்கொடியில் மாட்டிவிட்டு, மறுநாள் பள்ளியில் கொடுத்தனுப்பினேன். நீல மரத்தை மட்டும் அந்தத் தோழி அன்று மாலையே கேட்டு வாங்கிப்போனாள்.

மூன்று மணிக்கு, வார இறுதி வேலை முடிந்து சிங்கப்பூரிலிருந்து என் கணவர் வந்தார். கொடியில் தொங்கியதைப் பார்த்து, “இது என்ன, கறுப்பா?” என்றார். நான் ஊதா, அன்னாசி, ஜொசபின் என்று எல்லாவற்றையும் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு, “அவளையே கேளுங்க” என்றேன்.

“மழைப்பா,” என்றாள். “அன்னாசி உள்ளே இருக்கு. நனையுது.”

படங்களை உள்ளே எடுத்துவைத்த பிறகுதான் வெளியேயும் தூற ஆரம்பித்தது. அவள் மூக்கு நுனியில் ஒட்டிய மஞ்சள் தூள் மட்டும் செவ்வாய்க்கிழமைதான் போனது.