மின்மினி ஏன் சுடுவதில்லை?

மின்மினியைக் கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும்: வெளிச்சம் உண்டு, சூடு இல்லை. பழைய குண்டு பல்பில் கம்பி பழுக்கக் காய்ந்தால்தான் ஒளி. மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகும். மின்மினியின் வயிற்று நுனியில் எதுவும் காய்வதில்லை. லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் துணையோடு செல்களின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியுடனும் ஆக்சிஜனுடனும் வினைபுரிகிறது. அதில் பிறக்கும் மூலக்கூறு தன்னிடமுள்ள மிகுதி ஆற்றலை ஒளித்துகளாக உமிழ்ந்துவிடுகிறது.

நூறு லூசிஃபெரின் மூலக்கூறுகளுக்கு 88 ஒளித்துகள் என்று 1960இல் கணக்கிட்டார்கள். பல்லாண்டுகள் அந்த எண்ணே நிலைத்தது. 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்தபோது கிடைத்தது 41தான். புகழ் பாதியாகக் குறைந்தாலும், வேதிஒளியில் அதுவே பெரிய எண்.

சரி, சிமிட்டுவது எப்படி? ஒளியுறுப்புக்கு வரும் ஆக்சிஜனைச் செல்களின் மைட்டோகாண்ட்ரியாக்கள் வழியிலேயே செலவழித்துவிடுகின்றன. நரம்பிலிருந்து சைகை வந்ததும் நைட்ரிக் ஆக்சைடு உருவாகி அவற்றைக் கணநேரம் அடக்குகிறது. ஆக்சிஜன் உள்ளே பாய்கிறது, பளிச்! 2001இல் வெளியான ஆய்வு தரும் விளக்கம் இது.

துணை தேடும் இந்தச் சிமிட்டலின் தாளம் இனத்துக்கு இனம் வேறு. ஆண் பறந்தபடி கேட்கும், பெண் அமர்ந்தபடி பதில் சொல்லும். இதிலும் கள்ளத்தனம் உண்டு. வட அமெரிக்காவின் ஃபோட்டூரிஸ் பெண் பூச்சி வேறோர் இனப் பெண்ணின் பதிலைப் போலவே சிமிட்டும். ஆசையோடு வந்திறங்கும் ஆணைத் தின்றுவிடும். அதன் உடலிலிருந்த நஞ்சு இதற்குச் சிலந்திகளிடமிருந்து காப்பு.