எண்ணும் எண்ணமும்

ஒரு பள்ளியின் நலத்தை அறிதற்குரிய கருவிகள் பல. வருகைப் பதிவேடு, மதிப்பெண் பட்டியல், சேர்க்கைக் கணக்கு, இடையில் நின்றோர் கணக்கு ஆகிய யாவும் நம் உயர்நிலைப் பள்ளிகளில் இடையறாது எழுதப்பட்டு வருகின்றன. முன்னர்த் தாளிலும் மையிலும் இருந்தவை இக்காலத்துக் கணிப்பொறி வழியாக மேலிடத்திற்கு விரைந்து செல்கின்றன. அங்ஙனம் செல்வனவற்றுள், மாணாக்கன் அமர்ந்திருக்கும் பலகைக்கு மீண்டு வருவன எத்துணை? வகுப்பில் திரட்டிய எண்கள் அவ்வகுப்பிற்கே திரும்பி, மாணாக்கரின் வாய்மொழியோடு சேர்த்து ஆராயப்பெற்று, அடுத்த நாட் பாடத்தை மாற்றினாலன்றிப் பள்ளி திருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இது மேனாட்டிலிருந்து புதிதாக வந்த கருத்தன்று. பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில், கேட்போனது கொள்ளும் ஆற்றலை அறிந்து, அவன் உள்ளம் ஏற்குமாறு கற்பித்தல் ஆசிரியர் கடன் என்று கூறியுள்ளார். மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டு உவமைகளால் அவர் வகுத்ததும் யாவரும் அறிந்ததே. எனினும், ஒரு சிறுவனை இல்லிக்குடம் என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுதல் எளிது; குடத்தில் ஓட்டை எங்குளது, அஃது எவ்வாறு நேர்ந்தது என்று காண்டலே அரிது. எண்ணும் கேள்வியும் அவ்வரிய செயலுக்கே வேண்டப்படுகின்றன.

இனி, நம் மாகாணத்து வரலாற்றை நோக்குவோம். ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தார் பிள்ளைகளுக்கென ஏற்பட்ட ஆண்பிள்ளைகள் விடுதியின் தலைமையை ஏற்றார். நாட்டுப் பள்ளியொன்றிற் சிறுவர் மணலில் எழுதிப் பயிலுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்க, ஒவ்வொருவனும் நாள்தோறும் கற்ற பாடத்தின் அளவு பதிவேட்டில் எழுதப்பட்டது. குற்றம் செய்தார் பெயர்கள் எழுதிய ஏட்டை வாரந்தோறும் ஆராய்ந்து முடிவு கூறுவதில் மாணாக்கருக்கே பங்கிருந்தது. பெல் 1797-இல் இதனை நூலாக வெளியிட்டபின், இம்முறை ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்று இங்கிலாந்தில் பரவிற்று. அம்முறையின் குறைகள் பல. ஆயினும் கணக்கு வகுப்பிற்குள்ளேயே இருந்ததும், அதனை எழுதுவதில் மாணாக்கர் பங்கு கொண்டதும் நாம் நினைவிற் கொள்ளத்தக்கன.

இதற்கு மாறான நிகழ்ச்சி அடுத்த நூற்றாண்டில் ஏற்பட்டது. இங்கிலாந்தில் 1862 முதல், பரீட்சையில் மாணாக்கர் தேறிய அளவிற்கேற்பப் பள்ளிகளுக்குப் பொருளுதவி அளிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. சென்னை மாகாணத்திலும் அவ்வாறே பரீட்சைப் பலனுக்கேற்ற உதவித்தொகை முறை பின்பற்றப்பட்டது. எண்ணுக்குக் காசு என்றாகவே, ஆசிரியர் பாடம் கற்பிப்பதை விடுத்துப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யலாயினர். வாசக நூலைப் பொருளறியாமலே நெட்டுருச் செய்து ஒப்பித்த பிள்ளைகள் பலர். கவிஞரும் பாடசாலைப் பரிசோதகருமாகிய மாத்யூ ஆர்னால்டு இம்முறையைக் கடுமையாகக் கண்டித்தார். ஓர் எண்ணைக் கொண்டு தண்டிக்கவும் பரிசளிக்கவும் தலைப்படின், அவ்வெண் உண்மை கூறுவதை நிறுத்திவிடும் என்பது இவ்வரலாற்றால் விளங்கும்.

நிற்க. அச்சமும் பரிசும் இன்றி எண்களை அளித்துவிட்டாற் போதுமோ எனின், அதுவும் போதாது. ஆந்திரப் பிரதேசத்துக் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில், ஒவ்வொரு மாணாக்கனுக்கும் எத்திறன் குறைவு என்று காட்டும் தேர்வறிக்கைகளை ஆசிரியர்க்கு வழங்கிப் பார்த்த ஆய்வொன்றைக் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2010-இல் வெளியிட்டனர். பார்வையாளர் வந்தபொழுது அவ்வாசிரியர் மிக்க முயற்சியோடு கற்பித்தனர். ஆயினும் மாணாக்கர் கல்வி, அறிக்கை பெறாத பள்ளிகளினும் மேம்படவில்லை. அறிக்கை மேசைமேற் கிடக்கப் பாடம் பழைய வழியிற் சென்றாற் பயன் யாது?

எண் பாடத்தை மாற்றுதற்கு உதவும் முயற்சிகளும் நம்மிடையே உள. 2005-இற் பிரதம் தொண்டு நிறுவனம் தொடங்கிய ‘ஏசர்’ ஆய்வு எழுத்து, சொல், பத்தி, கதை என்னும் படிகளில் ஒரு பிள்ளை எப்படியில் நிற்கிறது என்பதை எளிய தாளொன்றால் அறிய வழி செய்தது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளின் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்க முற்பட்டது. 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளில் அடிப்படைத் திறன் குன்றியோரைக் கண்டறிந்து கற்பிக்கும் ‘திறன்’ திட்டம் 2025-இற் புகுத்தப்பட்டது. இல்லிக்குடம் என்னும் பெயரினும் அரும்பு என்னும் பெயர் எத்துணை இனிது! அரும்பு நாளை மலரும் என்னும் நம்பிக்கை அப்பெயரிலேயே அமைந்துள்ளது.

இவற்றை ஓர் எடுத்துக்காட்டால் தெளிவாக்குவோம். மதுரைக்குத் தெற்கே அவனியாபுரம் செல்லும் சாலையிலுள்ள வில்லாபுரம், உழைத்துண்போர் மிக்க பகுதி. அங்கே ஒன்பதாம் வகுப்பு ஒன்றில் 40 பேர் பயில்வதாகக் கொள்வோம். ஒரு மாதத்தில் 20 வேலை நாட்கள். மொத்தம் 800 வருகை. அவற்றுள் 80 குறையின், வருகை நூற்றுக்குத் 90 என்று மேலிடத்திற்குச் செல்லும். நாற்பதின்மரும் தலைக்கு இரண்டு நாள் வாராதிருப்பினும் 80. ஐவர் மட்டும் 16 நாள் வாராதிருப்பினும் 80. முன்னது சளிக்காய்ச்சலாய் இருக்கலாம். பின்னதோ ஐந்து பிள்ளைகள் பள்ளியை விட்டு நழுவுவதன் அடையாளம். பெயர்வாரியாகப் பார்த்தாலன்றி இவ்வேறுபாடு தோன்றாது. அவ்வைவருள் ஒருத்தி வீட்டில் ஊதுபத்தி உருட்டுகின்றாளா, தம்பியைக் காக்கின்றாளா, வகுப்பிற் பெற்ற ஏளனத்திற்கு அஞ்சுகின்றாளா என்பதைப் பதிவேடு கூறாது. அவளே கூற வேண்டும்.

விடைத்தாளும் அவ்வாறே. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டுக என்னும் வினாவிற்கு 40 பேருள் மூவர் தவறினால், அம்மூவரைத் தனியே அழைத்துக் கற்பித்தல் தகும். முப்பதின்மர் தவறி, அவருட் பலர் ஐந்தில் இரண்டு என்றே எழுதியிருப்பின், மேலெண்ணோடு மேலெண்ணையும் கீழெண்ணோடு கீழெண்ணையும் கூட்டிவிட்டனர் என்பது வெளிப்படை. விடை ஆறில் ஐந்து என்று கரும்பலகையில் எழுதிவிடுவதாற் பயனில்லை. ஓர் அப்பத்தைப் பகுத்துக் காட்டி அப்பாடத்தை மீளத் தொடங்க வேண்டும். மதிப்பெண்ணினும் பிழையின் வகையே ஆசிரியர்க்கு மிகுதியாக உதவும்.

இனி, மாணாக்கர் கருத்தைப் பற்றிச் சில. சிறுவர்க்கு ஆசிரியரை மதிப்பிடும் தகுதி உண்டோ என்று சிலர் வினவுவர். ஆசிரியர் நல்லவரா என்று கேட்டல் முறையன்று, விரும்பத்தக்கதும் அன்று. எவ்விடத்திற் பாடம் விளங்கவில்லை, எழுதிக்கொள்ள நேரம் போதியதா, ஐயம் கேட்க அச்சம் உண்டா, பின் பலகையில் இருப்போர்க்குக் குரல் கேட்கின்றதா என்பன போன்றவற்றை மாணாக்கரினும் நன்கறிந்தார் யாவர்? அமெரிக்காவில் கேட்ஸ் அறநிலையத்தின் உதவியால் 2009 முதல் 2012 வரை ஏறத்தாழ 3,000 ஆசிரியரின் வகுப்புகளில் நடந்த ஆராய்ச்சியில், ஒரே ஆசிரியரிடம் வெவ்வேறு வகுப்பிற் பயின்றோர் கூறியவை பெரிதும் ஒத்திருந்தன. மாணாக்கர் நன்றெனக் கூறிய வகுப்புகளிற் கல்வியும் மிக்கிருந்தது. கல்லூரி மாணாக்கராகிய நம்மிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் நிலைபெற்றுவிட்டது. பதினான்கு வயதில், ஒரு பாடம் விளங்காமையாற் பள்ளியையே விட்டுவிடக்கூடிய பருவத்தில், கேட்பார் இல்லாமை வருந்தத்தக்கது.

கேட்கும்பொழுது காக்க வேண்டிய நெறிகள் சில உள. தாளிற் பெயர் வேண்டா. கையெழுத்தாலும் அறியக்கூடுமாதலின், குறியிட்டு விடையளிக்கும் வினாக்களே சிறந்தன. ஒரு பிள்ளையின் வறுமையோ சாதியோ குறைந்த மதிப்பெண்ணோ பிறர் முன் வெளிப்படலாகாது. கிடைத்த விடைகளை ஆசிரியர் மீது வழக்குத் தொடுக்கும் சான்றாக்குதலும் தவறு. அவ்வாறாயின் உதவித்தொகைக் காலத்துக் கேடே மீளும். எல்லாவற்றினும் முதன்மையானது, அடுத்த வாரத்திலேயே ஆசிரியர் வகுப்பின் முன் நின்று, நீங்கள் கூறியவற்றுள் இதனை மாற்றுகிறேன், இது என்னால் இயலாது என்று விடையளித்தலாம். கேட்டபின் வாளாவிருத்தல் கேளாமையினும் தீது.

வேலைச்சுமை மிக்க ஆசிரியர்க்கு இதற்கு நேரம் ஏது என்பது நேர்மையான தடையே. ஆதலின் புதிய படிவங்களைப் பெருக்குதல் வேண்டா. முன்னரே உள்ள பதிவேட்டை மாதம் ஒருமுறை பெயர்வாரியாகப் படித்தல், ஒரு தேர்வில் ஒரு வினாவின் பிழைகளை வகைப்படுத்தல், பருவத்திற்கு ஒருமுறை நான்கு வினாக்கள் கேட்டல் ஆகிய மூன்றும் தொடக்கத்திற்குப் போதியன.

நூறு ஆடுகளுள் ஒன்று காணாமற்போன உவமையை நாம் ஆலயத்திற் பன்முறை கேட்டுள்ளோம். அம்மேய்ப்பன் எண்ணியதனால் அன்றோ ஒன்று குறைந்ததை அறிந்தான்! எண்ணாதவனுக்கு நூறும் மந்தையே. ஆயினும் அவன் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது உளவென்று மகிழ்ந்து அமர்ந்தானில்லை, தேடிச் சென்றான். எண்ணுதல் தேடுதற்கே என்பது அவ்வுவமை கற்பிக்கும் பாடங்களுள் ஒன்று. இக்கல்லூரியினின்று ஆசிரியராகச் செல்லவிருக்கும் அன்பர்களும், தாம் பயின்ற பள்ளிகளின் நலத்தை மறவாத பழைய மாணவர்களும், பதிவேட்டில் வெற்றிடமாகக் கிடக்கும் அச்சிறு கட்டத்திற்குப் பின்னே ஒரு பிள்ளை உளது என்பதை மனத்திற் கொண்டு, அதனைத் தேடிச் செல்வார்களாக.