பட்டாளத்துக்குப் போன கொள்ளுத்தாத்தாவைத் தேடும் வழி

முதல் உலகப் போருக்காக இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களில் மதராஸ் சாப்பர்ஸ், கர்நாட்டிக் காலாட்படை, பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்று அன்றைய மதராஸ் மாகாணத்துப் படைகளும் உண்டு. அந்தச் சிப்பாய்களைத் தேட இன்று லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பதிவுகளைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தன் இணையதளத்தில் இலவசமாகத் தேடத் தருகிறது. ஆனால் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தட்டிப் பார்த்து, வரவில்லை என்றதும் தேடலை விட்டுவிடக் கூடாது. பெயரைவிட ஊரும் படைப்பிரிவும்தான் நம்பகமான பிடி.

காரணம் எளியது. தமிழ்ப் பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டவர் பட்டாளத்துக் குமாஸ்தா. முனுசாமி என்ற ஒரே பெயரை எத்தனையோ விதமாக எழுதலாம். அந்தப் பெயரில் ஒரே ஊரில் பலர் இருந்திருப்பார்கள். பதிவிலோ சிப்பாயின் எண், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவை இருக்கும். பலருக்கு இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா, வட ஆற்காடு, மதராஸ் என்பதுபோன்ற விவரமும் சேர்ந்திருக்கும். அதனால் அந்தத் தளத்தின் தேடல் பக்கத்தில் கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் ஊரையும் மாவட்டத்தையும் அக்கால ஆங்கில எழுத்தில் கொடுத்துத் தேட வேண்டும். தஞ்சாவூர் அங்கே ‘டாஞ்சூர்’, திருநெல்வேலி ‘டின்னவெல்லி’.

இறந்தவர்கள் மட்டும்தானே அதில் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உயிர்விட்ட இந்தியர்கள் சுமார் 74,000 பேர். திரும்பி வந்தவர்களே மிகப் பெரும்பான்மை. அவர்களுக்கும் படைப்பிரிவுதான் வழி. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் மின்னாக்கியுள்ள போர் நாட்குறிப்புகளில் சிப்பாயின் பெயர் அபூர்வமாகவே வரும். ஆனால் அவருடைய படை எந்த நாளில் எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். 63ஆம் பாளையங்கோட்டைப் படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறக்கப்பட்டது என்று தெரிந்தால், அதில் இருந்தவரின் வாழ்க்கையில் ஒரு பக்கம் திறந்துவிடுகிறது.

வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்களை எதற்குத் தேட வேண்டும் என்பது அடுத்த ஆட்சேபம். ஆட்சியாளர்கள்கூட அவர்களைச் சமமாக நினைக்கவில்லை. ஈராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் கீழ் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும்தான். கல்லில் ஏறாத அந்தப் பெயர்கள் ஏட்டில் இருந்தன, இப்போது திரைக்கு வந்திருக்கின்றன. மதராஸ் படைகளில் சேர்ந்தவர்களில் நிலமோ பட்டாவோ இல்லாத ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர். அக்குடும்பங்களின் முன்னோரை, தந்தை பெயரோடும் ஊரோடும் வேறு எந்தக் காகிதமும் இவ்வளவு தெளிவாகக் காட்டுவது அரிது. அவர்கள் யாருக்காகப் போரிட்டார்கள் என்ற விமர்சனம் இருக்கட்டும். அவர்கள் யார் என்பதை அழியவிட அது காரணமாகாது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் முதல் உலகப் போர்க் காலத்து வெள்ளிப் பதக்கம் இருந்தால், விற்கவோ உருக்கவோ கொடுக்காதீர்கள். அதன் விளிம்பைச் சுற்றிச் சிறிய எழுத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். முதலில் அதைப் படித்து எழுதி வையுங்கள்.