தவளையை விட்டுடுங்க... சிலிக்கான் டியூப் போதும்! நெய்வேலி பக்கத்து ஏரிகளில் விரால் தூண்டில்

மாசி பிறந்துவிட்டால் கடலூர் மாவட்டத்துக் குட்டைகள் பலவற்றில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிடும். பங்குனியில் சேறு, சித்திரையில் வெடிப்பு. ஆனால், நெய்வேலிக்குக் கிழக்கே இருக்கும் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிகளின் கதை வேறு. அங்கே மழை போன பிறகும் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். அனுப்பி வைப்பது நிலக்கரிச் சுரங்கம்!

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு இருக்கிறது. மேலே இருக்கும் மண்ணை அள்ள அள்ள, அந்த நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வரப் பார்க்கும். அதனால், 1956-ல் தொடங்கப்பட்ட என்.எல்.சி நிறுவனம் இரவு பகல் பார்க்காமல் தண்ணீரை இறைத்தபடியே நிலக்கரியை வெட்டுகிறது. இறைத்த நீரில் ஒரு பகுதி அனல்மின் நிலையங்களுக்கும் டவுன்ஷிப்புக்கும் போகிறது. சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீர், பரவனாறு வழியாக வாலாஜா ஏரிக்கும், அங்கிருந்து பெருமாள் ஏரிக்கும் போய்ச் சேர்கிறது.

தண்ணீர் இருந்தால் மீன் இருக்கும். கோரையும் ஆகாயத்தாமரையும் சேர்ந்திருந்தால் விரால் இருக்கும்.

விரால் கொஞ்சம் விநோதமான மீன். செவுள் இருந்தாலும் அதற்கு அது போதாது. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிவிட்டுப் போகும். தூண்டில்காரர்கள் கண் வைத்திருப்பது அந்தக் குமிழிக்குத்தான். விராலுக்கு மண்புழுவும் மாவு உருண்டையும் இரண்டாம்பட்சம். தலைக்கு மேலே ஏதாவது தத்தித் தத்திப் போனால், அடித்துவிட்டுத்தான் மறு யோசனை. தவளை என்றால் கேட்கவே வேண்டாம்.

சிக்கல் ஆரம்பிப்பதும் அங்கேதான். காலங்காலமாக விரால் தூண்டிலுக்கு இரை, உயிருள்ள சின்னத் தவளை. முதுகிலோ தொடையிலோ முள்ளைக் குத்தி, துடிக்கத் துடிக்க நீரில் விடுவார்கள். ஒரு காலைப்பொழுதுக்கு நாலைந்து தவளைகள் போய்விடும். இது பாவ புண்ணியக் கணக்கு மட்டும் அல்ல, வயல் கணக்கும்கூட. தவளைக்கால் ஏற்றுமதியில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த இந்தியா, 1987-ல் அதற்குத் தடை போட்டது. வயலில் பூச்சியைத் தின்ன ஆள் இல்லாமல் போய்விடும் என்பதும் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு மாற்று, மென்மையான செயற்கை இரை. இதன் கதை ஒரு சமையலறையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம், அக்ரான் நகரில் 1949-ல் நிக் க்ரீம் என்பவர், மனைவி காஸ்மாவுடன் சேர்ந்து வீட்டு அடுப்பில் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி, அச்சில் ஊற்றி மண்புழு செய்தார். தொட்டால் நிஜப் புழு போலவே நெளிந்தது. இன்று அங்கே வசந்தம் பிறந்து நீர் லேசாகச் சூடாகும் நாள்களில் ‘கிராப்பி’ என்ற மீன் முட்டையிடக் கரையோரம் வரும்போது, இந்த வகை குட்டி இரைகளைத்தான் பலரும் வீசுகிறார்கள். அதிலும் சொந்தமாக அச்சு வார்த்துச் செய்கிறவர்கள் ஏராளம்.

அந்தப் பிளாஸ்டிக் முறையை அப்படியே நம் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். பி.வி.சி கரைசலை சுமார் 175 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்ச வேண்டும். கொஞ்சம் கருகினாலும் மூச்சை அடைக்கும் அமில வாயு வரும். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தால் முகத்தில் தெறிக்கும். குழந்தைகள் நடமாடும் அடுப்படிக்கு இது சரிப்படாது.

அடுப்பே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் கண்ணாடி, வாஷ்பேசின் ஓரம் அடைக்க விற்கும் சிலிக்கான் டியூப். அதில் வினிகர் வாசனை வரும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். கூடவே, சூப்புக்கு வாங்கும் வெள்ளை கார்ன்ஃப்ளார். சிலிக்கானை மட்டும் உருட்டி வைத்தால் மேல்தோல் காய்ந்து, உள்ளே நாள்கணக்கில் பசையாகவே கிடக்கும். மாவு கலந்தால் அதிலிருக்கும் ஈரம் உள்ளேயும் இறுக வைக்கும். இரண்டு பங்கு சிலிக்கானுக்கு ஒரு பங்கு மாவு என்று தொடங்கலாம். மாவு கூடினால் இரை விறைப்பாகும், குறைந்தால் கையில் ஒட்டும். சப்பாத்தி மாவு பிசைந்தவர்களுக்குப் பதம் சொல்லித்தர வேண்டியதில்லை. கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்துப் பிசைவது முக்கியம். இறுகத் தொடங்கும் முன் சில நிமிடங்கள்தான் கிடைக்கும்.

தவளை மிதக்க வேண்டுமே? தேய்ந்துபோன ஹவாய் செருப்பில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி, அதைச் சுற்றி இந்தக் கலவையைப் பொதிய வேண்டும். கால்களுக்கு சைக்கிள் டியூப் கீற்று. வால்பக்கம் சின்னதாக ஓர் இரும்பு நட்டைப் புதைத்தால் தவளை நிமிர்ந்து உட்காரும், வீசும்போது தூரமும் போகும். எடைக்கு ஈயக் குண்டு வேண்டாம். அறுந்து விழுந்த ஈயத்தைப் பறவைகள் விழுங்கினால் அதன் நஞ்சே அவற்றைக் கொல்லும். நிறம் வேண்டுமானால் பிசையும்போதே ஒரு சொட்டு ஆயில் பெயின்ட் கலக்க வேண்டும், மேலே பூசினால் உரிந்துவிடும். ஒரு நாள் காய விட வேண்டும்.

முள் வைப்பதில்தான் வித்தை. இரட்டை முள்ளின் கூர்முனைகள் தவளையின் முதுகை ஒட்டி, மேல்நோக்கிப் படுத்திருக்க வேண்டும். அப்போதுதான் ஆகாயத்தாமரைமேல் இழுத்தாலும் சிக்காது. விரால் கவ்வும்போது மென்மையான உடம்பு அமுங்கி, முள் வெளியே வரும். கட்டையில் செதுக்கிய தவளையால் இது முடியாது. தண்ணீர் ‘டப்’ என்று வெடித்ததும் கம்பைச் சுண்டிவிடுவது புதியவர்கள் செய்யும் தப்பு. ஒரு நொடி, இரண்டு நொடி பொறுத்து, நரம்பு இறுகிய பிறகு இழுக்க வேண்டும். காத்திருக்கும் அந்த இரண்டு நொடிதான் கொடுமை!

ஆனால், செயற்கை இரை என்றாலே பாதுகாப்பானது என்று நினைத்துவிட முடியாது. அறுந்து ஏரிக்குள் கிடக்கும் துண்டுகள் மட்காது, மீன்கள் அவற்றை விழுங்கவும் செய்யும். இதே காரணத்துக்காக அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2013-ல் ரப்பர் இரைகளுக்குத் தடை கேட்டு ஒரு மசோதாவே வந்தது, அது சட்டமாகவில்லை. ஜெலட்டினையும் கிளிசரினையும் கலந்து மட்கும் இரை செய்கிறவர்கள் உண்டு. ஆனால், நம் வெயிலுக்கு ஜெலட்டின் இளகிவிடும். கடல்பாசி இளகாது என்றாலும் முள் பட்டதும் உடைந்துவிடும். ஆக, நரம்பு நல்ல கனமாக இருக்கட்டும், அறுந்து போகாமல் இருப்பதுதான் இப்போதைக்கு வழி.

இன்னொரு விஷயம், இது தவளையைவிடப் பெரியது. தண்ணீர்மேல் சிவப்பாக, பொடிப்பொடியாக ஒரு கூட்டம் குமிழி விட்டபடி நகர்ந்தால், அது விரால் குஞ்சுகள். கீழே தாயோ தகப்பனோ காவலுக்கு நிற்கும். மழைக்காலத்தில்தான் இது அதிகம் என்றாலும், வற்றாத ஏரிகளில் மற்ற மாதங்களிலும் கண்ணில் படலாம். அந்தக் கூட்டத்துக்குள் தவளையை வீசினால் காவல் மீன் நிச்சயம் பாயும். பசியால் அல்ல, பிள்ளைகளைக் காக்க. சில தூண்டில்காரர்கள் இதற்காகவே குஞ்சுக் கூட்டத்தைத் தேடிப் போகிறார்கள். ஒரு மீன் குழம்புக்கு வரும். காவல் இழந்த நூற்றுக்கணக்கான குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் பார்த்துக்கொள்ளும். சிவப்பைப் பார்த்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு நாலு எட்டு தள்ளிப் போய்விட வேண்டும்.

ஏரிக்குக் கிளம்பும் முன் மீன்பாசி குத்தகை யாரிடம் இருக்கிறது என்று ஊரில் விசாரித்து, அனுமதி கேட்டுவிடுவது நல்லது. சுரங்கத்துக்குள் தேங்கும் நீர்நிலைகள் பக்கமே போகக் கூடாது. அது தடை செய்யப்பட்ட பகுதி, கரையும் சரியும்.

நாலு விரால் கடித்த பிறகு தவளையின் முதுகு கிழிந்திருக்கும். தூக்கிப் போட வேண்டாம். சிலிக்கான்மேல் வேறு எதுவும் எளிதில் ஒட்டாது, சிலிக்கான் மட்டும் ஒட்டும். டியூபில் மிச்சம் இருப்பதை ஒரு பட்டாணி அளவு பிதுக்கி, கிழிந்த இடத்தில் தடவி, இரவு மொட்டைமாடிச் சுவரில் வைத்துவிட்டால் மறுநாள் தவளை தயார்.