மோட்டார் நின்று நின்று ஓடுகிறதா?

மார்க்கையன்கோட்டைப் பக்கம் வயலுக்கு முல்லைப் பெரியாற்று நீர் பாய்ந்தாலும் தோட்ட வீட்டுக்குக் கிணறுதான் துணை. அழுத்தத் தொட்டி வைத்த வீட்டில், குழாயைத் திறந்தவுடன் மோட்டார் ஓடி, நின்று, மீண்டும் ஓடினால் மோட்டாரைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். தொட்டியின் மேற்பகுதியில் நிற்க வேண்டிய காற்று, நீரில் சிறிது சிறிதாகக் கரைந்து குறைந்திருக்கும். நீர் அமுங்காது, காற்றுதான் அமுங்கி விரியும். காற்றில்லாத தொட்டியில் ஒரு செம்பு நீர் எடுத்தாலே அழுத்தம் இறங்கிவிடும். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மோட்டார் பன்மடங்கு மின்னோட்டம் இழுப்பதால் நாளடைவில் சுருள் கருகும்.

மின்சாரத்தை நிறுத்தி, குழாயைத் திறந்து வைத்துத் தொட்டியை முழுதும் வடித்தால் காற்று உட்புகும். ரப்பர் பை உள்ள தொட்டியாயின், வடித்தபின் டயர் பம்பால் காற்றடிக்கவும். மோட்டார் தொடங்கும் அழுத்தத்தைவிடச் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு குறைவாக இருக்கட்டும். காற்று வால்வை அழுத்தும்போது நீர் வந்தால் பை கிழிந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.